ஷின்கான்சென்னில் முதன்முறை: வண்டியைவிட வாசல்தான் சிக்கல்

ஜப்பானின் புல்லட் ரயிலான ஷின்கான்சென்னில் ஏறி உட்கார்ந்துவிட்டால் பயணிக்கு வேலையே கிடையாது. தடுமாற்றமெல்லாம் அதற்கு முன்னால்தான்: எந்த டிக்கெட், எந்த கேட், எவ்வளவு பெரிய சூட்கேஸ். முதன்முறை ஜப்பான் போகிறவர்களில் பலரும் ஏறுவது டோக்கியோ–கியோட்டோ வண்டி என்பதால், 1964 அக்டோபர் 1-ல் திறந்த அந்த டொக்கைடோ பாதையையே இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

இந்தப் பாதையில் மூன்று வகை வண்டிகள். நொசோமிதான் வேகமானது; டோக்கியோ, ஷினகாவா, ஷின்–யோகோஹாமா, நகோயா தாண்டினால் கியோட்டோ. ஏறத்தாழ 2 மணி 15 நிமிடம். ஹிகாரி இன்னும் சில ஊர்களில் நிற்கும். கொடாமா எல்லா ஸ்டேஷனிலும் நின்று நிதானமாக வரும். நொசோமியில் முன்பதிவு சீட்டுக்கு ஏறத்தாழ 14,000 யென்.

ஜப்பான் ரயில்வேயான ஜே.ஆர். வண்டிகளில் சில நாட்களுக்கு இஷ்டம்போல் சுற்ற உதவும் ஜே.ஆர். பாஸ் வாங்கலாமா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. 2023 அக்டோபரில் 7 நாள் சாதாரண பாஸின் விலை 29,650 யென்னிலிருந்து 50,000 யென் ஆனது. கியோட்டோ போய்த் திரும்ப 28,000 யென்தான் ஆகும். போதாக்குறைக்கு, பாஸ் வைத்திருப்பவர் நொசோமியில் ஏற டோக்கியோ–கியோட்டோவுக்கு ஒருவழிக்கு 4,960 யென் தனியாகக் கட்ட வேண்டும். ஹிரோஷிமா, ஃபுகுவோகா என்று ஒரே வாரத்தில் அலைகிறவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். மற்றவர்கள் பாஸை மறந்துவிடலாம்.

இனி டிக்கெட். காகித டிக்கெட் வாங்கினால் பெரும்பாலும் இரண்டு அட்டைகள் கைக்கு வரும். ஒன்று தூரத்துக்கான அடிப்படைக் கட்டணம், இன்னொன்று விரைவு வண்டிக்கும் சீட்டுக்குமான கட்டணம். ஷின்கான்சென் கேட்டில் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒரே துளையில் செருக வேண்டும். ஒன்றை மட்டும் போட்டால் கதவு மூடிக்கொள்ளும். மறுபக்கம் இரண்டும் வெளியே வரும். எடுக்காமல் போய்விடாதீர்கள், கியோட்டோவில் வெளியேற அவை வேண்டும். டிக்கெட்டில் பெயர் இருக்காது, அடையாள அட்டை கேட்க மாட்டார்கள். பி.என்.ஆர்., ஆர்.ஏ.சி. எதுவும் கிடையாது.

அடிப்படைக் கட்டண அட்டையில் புறப்படும் இடம் 'டோக்கியோ நகரப் பகுதி' என்று அச்சாகியிருக்கும். டோக்கியோவின் ஷிஞ்ஜுகு பகுதியில் தங்கியிருந்தால் அங்கேயே அந்த அட்டையைக் கேட்டில் போட்டு, ஜே.ஆர். உள்ளூர் ரயிலில் டோக்கியோ ஸ்டேஷன் வரலாம். தனிக் கட்டணம் இல்லை. மெட்ரோவில் இது செல்லாது.

இது தெரியாதவர்கள் உள்ளூர் ரயில்களுக்கு முன்பணம் ஏற்றிவைக்கும் சுய்கா கார்டைத் தட்டி உள்ளே வந்துவிடுவார்கள். பிறகு உள்ளூர் நடைமேடைகளிலிருந்து ஷின்கான்சென்னுக்கு மாறும் கேட்டில் காகித டிக்கெட்டை மட்டும் போட்டுவிட்டுப் போவார்கள். சுய்காவின் கணக்கில் 'உள்ளே வந்தார், வெளியே போகவில்லை' என்று நின்றுவிடும். அடுத்த ஊரில் கார்டைத் தட்டினால் சிவப்பு விளக்கு எரியும். ஊழியரிடம் போய்ச் சரிசெய்ய வேண்டும். மாறும் கேட்டில் முதலில் டிக்கெட்டுகள், அடுத்து சுய்கா. இந்த வரிசையை மனதில் வைத்தால் போதும்.

காகிதமே வேண்டாம் என்றால் போனிலேயே ஷின்கான்சென் டிக்கெட் எடுக்கும் ஸ்மார்ட் இ.எக்ஸ் செயலி. வண்டி புறப்படும் வரை கட்டணமின்றி நேரத்தை மாற்றிக்கொள்ளலாம் என்பதே அதன் பெரிய வசதி. ஆனால் ஊரிலேயே பதிவுசெய்து வங்கிக் கார்டைச் சேர்த்துவிடுங்கள். இந்திய வங்கிகளின் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நாம்தான் இயக்கிவைக்க வேண்டும். கூடவே கார்டைச் சரிபார்க்க ஓ.டி.பி. வரும். டோக்கியோவில் இந்திய சிம் ரோமிங் இல்லாமல் கிடந்தால் அந்த எண் வந்து சேராது. குடும்பமாகப் போனால் ஒரே கணக்கில் எல்லோருக்கும் எடுக்கலாம், ஆனால் கேட்டில் ஆளுக்கொரு ஐ.சி. கார்டோ (சுய்கா போன்றது) கியூ.ஆர். கோடோ வேண்டும். ஐ.சி. கார்டைத் தட்டும்போது சீட் எண் அச்சடித்த ஒரு துண்டுச் சீட்டு வரும்; அது டிக்கெட் இல்லை, ஆனால் உட்காரும்வரை பத்திரம். இந்தச் செயலியில் எடுக்கும் டிக்கெட் ஷின்கான்சென் ஸ்டேஷனிலிருந்து ஸ்டேஷன்வரை மட்டுமே. மேலே சொன்ன நகரப் பகுதிச் சலுகை இதில் இல்லை.

சூட்கேஸ் விஷயத்தில்தான் நம்மவர்கள் அதிகம் மாட்டுகிறார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டுங்கள், சக்கரமும் கைப்பிடியும் சேர்த்து. 160 செ.மீ.க்குள் என்றால் எந்தப் பதிவும் வேண்டாம். 161 முதல் 250 வரை என்றால் பெரிய சாமான் இடத்தோடு சேர்ந்த சீட்டை முன்பதிவு செய்ய வேண்டும். அதற்குக் கூடுதல் கட்டணம் இல்லை. அந்தச் சீட்டுகள் பெட்டியின் கடைசி வரிசையில் இருக்கும், அவற்றின் பின்னால்தான் சாமான் வைக்க வேண்டும். பதிவில்லாமல் கொண்டுவந்தால் 1,000 யென் கட்ட வேண்டும். 250-ஐத் தாண்டினால் ஏற்ற முடியாது. பல விமான நிறுவனங்களின் செக்–இன் வரம்பு 158 செ.மீ. என்பதால், அதற்குள் அடங்கும் சூட்கேஸுக்கு விதி தொல்லை தராது. ஆனால் 23 கிலோவைத் தலைக்கு மேலுள்ள பலகையில் தூக்கிவைப்பது யார்? வயதானவர்கள் உடன் வந்தால் ஹோட்டல் வரவேற்பிலேயே சூட்கேஸைக் கூரியரில் அனுப்பிவிடுங்கள். பெரிய சூட்கேஸுக்கு 2,000–3,000 யென் அளவில் ஆகும். பெரும்பாலும் மறுநாள் கியோட்டோ ஹோட்டலுக்கு வந்துவிடும். ஒரு இரவுக்கான துணியைக் கைப்பையில் வையுங்கள்.

டோக்கியோ ஸ்டேஷனில் டொக்கைடோ வண்டிகள் 14 முதல் 19 வரையான நடைமேடைகளில். 20–23 வடக்கே போகும் வண்டிகளுக்கு. அங்கே நிறுவனமும் வேறு, கேட்டும் வேறு. நீலப் பலகை டொக்கைடோ, பச்சைப் பலகை வடக்கு. நெரிசலுக்குப் பயந்தால் ஷினகாவாவில் ஏறலாம், எல்லா நொசோமியும் அங்கே நிற்கும். சில நிமிடங்களுக்கு ஒரு நொசோமி புறப்படுவதால், பக்கத்து நடைமேடையில் நிற்பதை நம்முடையது என்று ஏறிவிடுவது சகஜம். பெயரோடு எண்ணையும் பாருங்கள். டோக்கியோவிலிருந்து போகும் வண்டிகளுக்கு ஒற்றைப்படை எண், வருபவற்றுக்கு இரட்டைப்படை. பெட்டி எண் தரையிலேயே எழுதியிருக்கும், அங்கே வரிசையில் நிற்கவும்.

கியோட்டோ போகும்போது ஃபூஜி மலை வலப்பக்கம், அதாவது இ சீட். புறப்பட்டு 40–45 நிமிடத்தில் தெரியும், மேகம் விட்டால். மூவர் வரிசையில் நடுவிலிருக்கும் பி சீட் மற்றவற்றைவிடச் சற்று அகலம். பிளக் தட்டையான இரண்டு கால், 100 வோல்ட். போன் சார்ஜர் வேலை செய்யும், அடாப்டர் மட்டும் வேண்டும்.

சைவர்கள் ஒரு விஷயம் கவனிக்க: பெட்டிக்குள் தள்ளுவண்டி விற்பனை 2023 அக்டோபரோடு நின்றுவிட்டது. ஸ்டேஷனில் விற்கும் சாப்பாட்டுப் பெட்டிகளில் காய்கறி மட்டும் தெரிந்தாலும், அதை வேகவைத்த சாறு பெரும்பாலும் மீனில் எடுத்தது. பழம், முந்திரி, பாதாம் போன்ற பருப்பு வகைகள், உறுதியாகத் தெரிந்த ரொட்டி என்று வாங்கிக்கொண்டு ஏறுவதே உத்தமம்.

வண்டியைத் தவறவிட்டால் பதற வேண்டாம். தள்ளுபடி வகை டிக்கெட் அல்லாத பட்சத்தில், அதே நாளில் அடுத்த வண்டிகளின் முன்பதிவில்லாப் பெட்டிகளில் ஏறலாம். நொசோமியில் அவை 2025 மார்ச் முதல் 1, 2 ஆகிய இரண்டே பெட்டிகள். புத்தாண்டு, மே மாதத் தொடக்கம், ஆகஸ்ட் மத்தி ஆகிய நெரிசல் நாட்களில் நொசோமி முழுக்க முன்பதிவுதான். அப்போது கதவோரம் நின்றபடி போக வேண்டியிருக்கும்.

கியோட்டோவில் வண்டி நிற்பது ஓரிரு நிமிடம். அறிவிப்பு வந்ததும் சாமானோடு கதவருகே போய்விடுங்கள். ஷின்கான்சென் கேட் ஸ்டேஷனின் தெற்குப் பக்கம், ஹச்சிஜோ வாசல். கோயில்களுக்குப் போகும் நகரப் பேருந்துகளின் முனையமும் கியோட்டோ கோபுரமும் வடக்கில் கராசுமா பக்கம். தெற்கே வெளியேறிவிட்டால் ஸ்டேஷனைக் கடந்து நடக்க வேண்டும்.