நிஷிகசாய் நாட்குறிப்பு: 2024 கோடை

ஜூன் 24, திங்கள்

மழைக்காலம் தொடங்கிவிட்டதாக வெள்ளிக்கிழமைதான் டிவியில் அறிவித்தார்கள். இங்கே டோக்கியோவில் மழை பெய்தால் மட்டும் போதாது, 'த்ஸுயு வந்தாச்சு' என்று வானிலைக்காரர்கள் சொல்லவும் வேண்டும். இந்த வருடம் ரொம்பத் தாமதமாம். மூன்று நாளாகத் துணி காயவில்லை. பாப்பாவின் காலுறையை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தே காயவைத்தேன்.

காலையில் அவள் பள்ளிக்கூடம் கிளம்பினாள். முதுகில் அந்தப் பெரிய தோல் பை, அதன்மேல் மஞ்சள் உறை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும் மஞ்சள், வண்டிக்காரர்கள் கண்ணில் படுவதற்காக. ஆறு வயது. தெருமுனை வரைக்கும் நான் பார்ப்பேன், அதற்கப்புறம் தனியாகத்தான் போகிறாள். செருப்பு மாட்டும் இடத்தில் நின்று 'இத்தெகிமாஸ்' என்றாள். பிரித்துப் பார்த்தால் 'போய் வருகிறேன்', அவ்வளவுதான். நான் 'இத்தெராஷ்ஷாய்' என்றேன். போய்ட்டு வா.

மேலூரில் அம்மாச்சி இருக்கும்போது 'போறேன்' என்று சொல்லிக் கிளம்பினால் முதுகில் ஒன்று விழும். 'வாரேன்னு சொல்லு!' இங்கே ஒரு நாடே அப்படிச் சொல்லித்தான் வீட்டைவிட்டு இறங்குகிறது. வந்த புதிதில் இதைக் கேட்டுக் கண் கலங்கியது. இப்போது கலங்குவதில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிடுகிறது.

சாயங்காலம் என் முறை. 6 மணி ஷிப்ட். ஃபுனபாஷிப் பக்கம் ஒரு பெந்தோ கம்பெனி. 24 மணி நேரக் கடைகளில் அடுக்கி வைத்திருப்பார்களே, அந்தச் சாப்பாட்டுப் பெட்டிகளைக் கட்டுகிற இடம். குடும்ப விசாவில் வந்தவள் அனுமதி வாங்கினால் வாரத்துக்கு 28 மணி நேரம் வரைக்கும் வேலை பார்க்கலாம். நான் 20 பார்க்கிறேன். எம்.காம்., தங்கப் பதக்கம் கிடையாது, ஆனால் முதல் வகுப்பு. ராத்திரி 11 மணிக்கு முடியும் வேலைக்கு உள்ளே போகும்போது எல்லாரும் 'ஒஹாயோ', அதாவது காலை வணக்கம் என்கிறார்கள். எந்நேரம் வந்தாலும் அதுதான்.

அம்மாவிடம் 'ஆபீஸ் வேலை' என்று சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 6, சனி

புது நோட்டுகள் புதன்கிழமை வந்தன. இன்று கடையில் சில்லறைக்குப் பதிலாக ஒரு புது 5,000 யென் கிடைத்தது. அதில் ஒரு பெண். இவரிடம் காட்டியதற்கு "த்ஸுதா உமெகோ, பொம்பளைங்க படிப்புக்குப் பாடுபட்டவங்க" என்று முடித்துக்கொண்டார். நான்தான் தேடிப் படித்தேன்.

1871-இல் அரசாங்கம் அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்பிய ஐந்து பெண் பிள்ளைகளில் கடைக்குட்டி. ஆறு வயது. கப்பலில்தான் ஏழு முடிந்திருக்கிறது. 1882-இல் திரும்பி வந்தபோது ஜப்பானிய மொழி மறந்தே போயிருந்ததாம். பெற்ற தாயுடன் பேச ஆள் வேண்டியிருந்திருக்கும். அப்புறம் 1900-இல் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கினார், இன்று அது பல்கலைக்கழகம், எல்லாம் சரி. எனக்கு மண்டையில் நிற்பது அந்தத் துறைமுகம்தான். அம்மாக்காரி என்ன பேசியிருப்பாள்?

பாப்பா இப்போது பேசுவது ஒரு தினுசான பாஷை. "அம்மா, இன்னைக்கு கியூஷொக்கு கரே, உறைப்பா இருந்துச்சு நெ." பள்ளியில் மதியச் சாப்பாடு குழம்பாம். இரண்டு மொழிக்கும் வாக்கிய அமைப்பு ஒன்றுபோலவே இருப்பதால் தமிழ்ச் சொல்லை உருவிவிட்டு ஜப்பானியச் சொல்லைச் சொருகினாலும் வாக்கியம் ஆடுவதில்லை. 'இல்ல?' என்று இழுக்கிற இடத்தில் 'நெ' உட்கார்ந்துகொள்கிறது. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. அதுதான் பயம். ஆங்கிலம் கலந்தால் காதில் இடறும், கண்டிப்போம். இது இடறவே இல்லை.

மஸ்கட்டில் இருந்த மூன்று வருடத்தில் இந்தக் கவலையே கிடையாது. ரூவியில் இறங்கினால் காய்க்காரர், தையல்காரர், முடிவெட்டுகிறவர் எல்லாரிடமும் தமிழோ மலையாளமோ இந்தியோ செல்லும். வெள்ளிக்கிழமை தார்சைட் கிருஷ்ணன் கோயில். அரபியில் பத்து வார்த்தை தெரியும். அங்கே குடியிருந்தது வெளிநாட்டில் சேர்த்தியா என்றுகூட இப்போது சந்தேகமாக இருக்கிறது.

ஜூலை 19, வெள்ளி

மழைக்காலம் நேற்றே முடிந்ததாக அறிவித்துவிட்டார்கள், இன்று வெயில் கொளுத்துகிறது. பள்ளிக்கூடம் லீவு விட்டாயிற்று. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு நீலப் பிளாஸ்டிக் தொட்டியில் அசகாவோ என்ற கொடி வளர்க்கிறார்கள். 'காலை முகம்' என்று பெயர். விடியும்போது விரிந்து வெயில் ஏறியதும் சுருங்கிவிடும். நம்மூர் வேலியோரத்து ஊதாப் பூவைப் பார்த்த மாதிரியே இருக்கிறது. லீவுக்குத் தொட்டியை வீட்டுக்கு எடுத்து வரவேண்டும், அதாவது அம்மாக்காரிகள் தூக்கி வரவேண்டும். மண், கொடி, குச்சிகள், மேலே பாப்பாவின் அதிகாரம்: "ஆட்டாத!"

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பெருக்கு. லீவு சொல்லிவிட்டேன்.

அம்மா மார்ச்சில் அனுப்பிய பார்சலில் மஞ்சள் கயிறு இருந்தது. காலையில் விளக்கேற்றி, பழைய கயிற்றிலிருந்து தாலியையும் குண்டுமணியையும் ஒவ்வொன்றாகக் கோர்த்து மாற்றினேன். இதில் எழுத வேண்டிய ஒன்று இருக்கிறது, இதுவரை எங்கேயும் எழுதவில்லை.

கம்பெனியில் உடம்பில் எதுவும் இருக்கக் கூடாது. மோதிரம், தோடு, கடிகாரம், நகப்பூச்சு, எதுவும். சோற்றுக்குள் விழுந்துவிட்டால் அவ்வளவுதான். முதல் நாள் லைன் தலைவி என் கழுத்தைக் காட்டி "நெக்லஸ் தமே" என்றாள். கூடாது. இது நெக்லஸ் இல்லை என்று சொல்ல என்னிடம் ஜப்பானிய வார்த்தை இல்லை. இருந்திருந்தாலும் நூல் நூல்தானே, சாயம் வேறு போகும். அவள் சொன்னதில் தப்பே இல்லை. கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து லாக்கரில் வைத்தேன். அன்றிலிருந்து வாரத்துக்கு நாலு நாள் ஐந்து மணி நேரம் அது லாக்கரில்தான். இவருக்குத் தெரியும். "பத்திரமா பூட்டுனியா?" என்று மட்டும் கேட்டார்.

சித்ரான்னம் கட்டிக்கொண்டு அரகவா ஆற்றங்கரைக்குப் போனோம். வெள்ளத்தைத் திருப்பிவிட மனிதர்கள் வெட்டிய ஆறு இது, 1930-இல் வேலை முடிந்தது. வைகையில் இல்லாத தண்ணீர் இதில் இருக்கிறது, ஆனால் கொஞ்சம் பூவும் மஞ்சளும் விடக்கூட யோசனை. யாராவது பார்த்தால் குப்பை போடுவதாக நினைப்பார்கள். ஒரே ஒரு செவ்வந்தி இதழ் விட்டேன்.

எங்கள் எதொகவா வட்டாரத்தில் பெரும்பகுதி, ஆற்றிலும் கடலிலும் தண்ணீர் ஏறும்போது அதன் மட்டத்தைவிடத் தாழ்வு. 2019-இல் வட்டார அலுவலகம் போட்ட வெள்ள அபாய வரைபடத்தின் அட்டையிலேயே, 'இங்கே இருக்கக் கூடாது' என்று எழுதி வெளியே அம்புக்குறி போட்டிருந்தார்கள். வெள்ளம் வரும்போது வேறு ஊருக்குப் போய்விடுங்கள் என்பதுதான் அர்த்தம். வந்த புதிதில் அதை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பு! விசா ஒட்டியவர்கள்கூட இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லவில்லை.

ராத்திரி எதொகவா வாணவேடிக்கை. ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை நடக்கும், இந்த வருடம் ஆடிப் பெருக்கோடு சேர்ந்துகொண்டது. கூட்டத்துக்குப் பயந்து போகவில்லை, பால்கனியிலிருந்து சத்தம் மட்டும்.

ஆகஸ்ட் 9, வெள்ளி (ராத்திரி 12.40)

தூக்கம் வரவில்லை.

நேற்று மாலை மியஸாகி பக்கம் 7.1 அளவு நிலநடுக்கம். அதையொட்டி, தெற்குக் கடலோரத்தில் பெரிய நிலநடுக்கம் வர வாய்ப்புக் கூடியிருக்கிறது, ஒரு வாரம் கவனமாக இருங்கள் என்று அறிவித்துவிட்டார்கள். இந்த ஏற்பாடு வந்தபின் இப்படி அறிவித்தது இதுதான் முதல் தடவை. அந்த எச்சரிக்கை மேற்கே இருக்கிறவர்களுக்கு, டோக்கியோவுக்கு இல்லை என்று நினைத்துத்தான் இன்று வேலைக்குப் போனேன். ஆடி வெள்ளி வேறு.

என் வேலை உமெபோஷி. உப்பில் ஊறிய சிவப்புக் காய், நம்ம எலுமிச்சை ஊறுகாய்க்கு அக்கா. வெள்ளைச் சோற்றுப் பரப்பு பெல்ட்டில் வரும், நடு மத்தியில் ஒன்றை வைத்து லேசாக அமுக்க வேண்டும். அவர்கள் கொடி மாதிரி இருக்கும். ஓரத்தில் வைத்தால் அடுத்து நிற்கிற நேபாளத்துப் பெண் நகர்த்திவிட்டு என்னை ஒரு பார்வை பார்ப்பாள். கண் மட்டும்தான் தெரியும். எல்லாருமே தலையிலிருந்து கால்வரை வெள்ளை, முகமூடி. உள்ளே வருமுன் பசை உருளையால் ஒருவர் முதுகை ஒருவர் உருட்டி முடி எடுப்போம். இந்த ஊரில் என்னைத் தொடுகிற ஒரே வேற்று ஆள் அந்த உருளைக்காரிதான்.

எட்டு மணிக்கு மூன்று நிமிடம் இருந்தது. தட்டு வண்டிகள் கிலுகிலுத்தன. லைன் நின்றது. போனெல்லாம் லாக்கரில், அதனால் நிலநடுக்கம் என்று போன் போடும் அந்த அலறல் எங்களுக்குக் கேட்கவில்லை, அலுவலக அறையில் மட்டும் கேட்டது. பெரிய ஆட்டம் இல்லை, சில விநாடிதான். என் கை கழுத்துக்குப் போனது. வெள்ளைத் துணிதான் இருந்தது. கையுறையில் உமெபோஷிச் சாறு, அந்த இடத்தில் சிவப்பாக ஒரு கறை.

தலைவி ஆட்களை எண்ணினாள். பெல்ட்டில் கிடந்தவற்றை ஒதுக்கச் சொன்னாள். நான் சட்டை மாற்ற வேண்டியிருந்தது. பத்து நிமிடத்தில் மறுபடி ஓட ஆரம்பித்தது.

இடைவேளையில் லாக்கரைத் திறந்து முதலில் எடுத்தது கைக்குட்டையை. அப்புறம்தான் போன். இவரிடமிருந்து மூன்று தகவல். கனகவா பக்கம் 5.3, வீட்டில் ஒன்றுமில்லை, பாப்பா தலையில் பள்ளிக்கூடப் பஞ்சுக் குல்லாவை மாட்டிக்கொண்டு அப்பாவையும் மேஜைக்கு அடியில் இழுத்துவிட்டாளாம். அவளுக்குத்தான் தெரிந்திருக்கிறது, எங்களுக்குத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 24, சனி

கடைகளில் அரிசி இல்லை! ஜப்பானில்! போன வருட வெயிலில் விளைச்சல் கெட்டது, இந்த மாத எச்சரிக்கைக்குப் பயந்து சனங்கள் வாங்கி அடுக்கியது, இரண்டும் சேர்ந்துகொண்டது. 'குடும்பத்துக்கு ஒரு பை' என்று அட்டை தொங்குகிறது, பை மட்டும் இல்லை.

கீழ்வீட்டுப் பாட்டி மூன்று கடை ஏறி இறங்கியதாகச் சொன்னார். எங்கள் வீட்டில் இந்தியக் கடை சோனா மசூரி பத்துக் கிலோ இருந்தது. ஒரு டப்பாவில் இரண்டு கிலோ அள்ளிக் கொடுத்தேன். குனிந்து குனிந்து வாங்கிக்கொண்டு, தயங்கித் தயங்கி ஒரு கதை சொன்னார். 1993-இல் குளிர் அதிகமாகி இதேபோலப் பஞ்சம், அரசாங்கம் தாய்லாந்து அரிசி இறக்கியது, நீளநீளமாக, ஒட்டவே ஒட்டாது, வாசனை பிடிக்கவில்லை என்று பாதியைக் கொட்டிவிட்டாராம். "இப்போ நெனச்சா வெட்கமா இருக்கு" என்றார். இதைச் சொல்லிவிட்டு இந்த அரிசியை எப்படி வாங்கிக்கொள்வது என்ற சங்கடம் அவருக்கு. எனக்கோ, இது ஒட்டாதே, இதையும் கொட்டிவிடுவாரோ என்ற எண்ணம்.

இதற்கிடையில் கம்பெனியில் சோறு மலைபோல வந்துகொண்டேதான் இருக்கிறது.

ஆகஸ்ட் 31, சனி

பத்தாம் நம்பர் புயல் மழை இரண்டு நாளாக. அம்மாவிடம் மாட்டிக்கொண்டேன்.

லீவு வீட்டுப்பாடத்தில் படநாட்குறிப்பு ஒன்று உண்டு, மேலே படம், கீழே நாலு வரி. பாப்பா அதை அம்மாவுக்கு வீடியோவில் ஒவ்வொரு பக்கமாகக் காட்டிக்கொண்டிருந்தாள். நான் அடுப்படியில்.

"இது யாருத்தா, நர்ஸம்மாவா?"

"இல்ல அம்மாச்சி, அம்மா. ராத்திரி சோத்துல ஊறுகா வப்பாங்க."

நான் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. திட்டுவாள், அல்லது அழுவாள் என்று நினைத்தேன்.

"எம்புட்டுப் பேருக்கு?"

"மணிக்கு ஆயிரம் டப்பாவுக்கு மேல போகும்மா."

"ஆத்தி! அழகர் மண்டகப்படிக்குக்கூட நம்ம தெருவுல அம்புட்டுப் பொட்டலம் கட்டுனதில்லையே." அப்புறம், "நின்னுக்கிட்டேவா?" அப்புறம், "மாப்ளைக்குத் தெரியுமில்ல?" அப்புறம் சம்பளம். ரூபாயில் சொன்னேன். பேசாமல் விரல்விட்டுக் கணக்குப் போட்டாள்.

தாலி விஷயத்தைச் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. "கைக்குத் தேங்காயெண்ணெ தேச்சுக்க, தோலு உரியுது பாரு" என்று வைத்துவிட்டாள். கையை முன்பே பார்த்திருக்கிறாள்.

பாட்டி மதியம் வந்து டப்பாவைத் திருப்பிக் கொடுத்தார், அதில் வெள்ளரி ஊறுகாய். அரிசியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அசகாவோ காய்ந்து விதை முற்றிவிட்டது. பாப்பா காகிதத்தில் கொட்டி எண்ணி, 23, அம்மாச்சிக்கு அனுப்ப வேண்டும் என்கிறாள். விதையெல்லாம் தபாலில் விடமாட்டார்கள் என்று இவர் சொல்லிப் பார்த்தார். கேட்காமல் உறை எடுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு 'அம்மாச்சி' என்று தமிழில் எழுதியிருக்கிறாள். ம்-மின் தலையில் இரண்டு புள்ளி, ச்-சின் தலையில் இரண்டு புள்ளி. இங்கத்து எழுத்தில் அப்படித்தான் வைப்பார்கள்.