எல்மாரும் மஞ்சள் ஃபில்டரும்: ஒரு மாதக் குறிப்புகள்

2024 ஜனவரி 7, ஞாயிறு

மாமல்லபுரத்தில் என் லைகா III கேமராவில் எடுத்த கறுப்பு-வெள்ளை ஃபிலிம் ரோல் கழுவி வந்துவிட்டது. காலைச் சூரியனைப் பார்த்து எடுத்த படங்கள் அத்தனையும் வெளிறிக் கிடக்கின்றன. கன்னங்கரேலென்று விழ வேண்டிய படகின் நிழல்கூட சாம்பல் பூசினாற்போல் இருக்கிறது.

லென்ஸைக் குறை சொல்ல மனம் வரவில்லை. என் எல்மார் 5 செ.மீ. 3.5 இரண்டாம் உலகப் போருக்கு முந்தையது, வெளிச்சம் திருப்பியடிக்காமல் இருக்கக் கண்ணாடியில் பூசும் கோட்டிங் கிடையாது. நான்கு கண்ணாடிகளில் பின்னால் உள்ள இரண்டும் ஒட்டியவை என்பதால் காற்றைத் தொடும் பரப்புகள் ஆறு. ஒவ்வொரு பரப்பும் நாலைந்து சதவீத வெளிச்சத்தைத் திருப்பிவிடும். கூட்டிப் பார்த்தால் கால்வாசி போயே போகிறது. அதில் கொஞ்சம் உள்ளேயே அலைந்து திரிந்து ஃபிலிமில் வந்து படிகிறது. மேகம் எடுப்பாக விழட்டுமே என்று அன்று பழைய மஞ்சள் ஃபில்டரையும் மாட்டியிருந்தேன். அதனால் கோட்டிங் இல்லாத பரப்பு இன்னும் இரண்டு கூடியது. பக்கவாட்டு வெளிச்சத்தை மறைக்க லென்ஸ் முன்னால் மாட்டும் ஹூட் போடவில்லை.

ஜனவரி 14, ஞாயிறு

போகி. தெருவெல்லாம் புகை, படமெடுக்க வழியில்லை. ஹூட் வேலையில் உட்கார்ந்தேன்.

எல்மாரின் முகப்பில் திருகு மரை இல்லை. 36 மி.மீ. விளிம்பைக் கவ்விப் பிடிக்கிற ஃபிசான் ஹூட்தான் இதற்கு. பழையதாக வாங்கியது, உள்பக்கம் கறுப்புப் பூச்சு தேய்ந்து பித்தளை பளபளக்கிறது. வெளிச்சத்தைத் தடுக்க மாட்டும் குழாயே வெளிச்சத்தை உள்ளே அடித்தால் என்ன பயன்? அம்மாவின் தையல் பெட்டியில் ரவிக்கைக்கு வெட்டியதில் மிஞ்சிய கறுப்பு வெல்வெட் துண்டு கிடைத்தது. ஒரு விரல் அகலத்துக்குக் கத்தரித்து, இழை வெளியே துருத்தாமல் ஓரத்தை மடித்து ஒட்டினேன். ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தேன். பித்தளை மின்னிய இடம் கிணற்றுக்குள் பார்ப்பதுபோல் இருண்டிருந்தது. அவ்வளவு சந்தோஷம்.

ஜனவரி 21, ஞாயிறு

மறுபடி மாமல்லபுரம், விடிவதற்கு முன்பே. இந்தத் தடவை சூரியன் எதிரே இருந்தவரை ஹூட் மட்டும். சூரியனை ஒட்டிய வானம் எப்படியும் வெளுத்துத்தான் இருக்கும். நீலத்தைக் கருமையாக்குகிற மஞ்சளுக்கு அங்கே வேலை இல்லை. போன தடவையே இதை யோசித்திருக்க வேண்டும்.

ஒன்பது மணிக்கு மேல் வெயிலை முதுகுக்கு விட்டு, ஹூட்டைக் கழற்றி ஃபில்டரை மாட்டினேன். எல்மாரில் அப்பர்ச்சரை, அதாவது வெளிச்சம் நுழையும் துளையை, மாற்ற வளையம் கிடையாது. முகப்பிலேயே ஒரு குட்டி முளை. நகத்தால் தள்ள வேண்டும். ஃபில்டர் ஏறிவிட்டால் விரல் நுழையாது. ஹூட்டைச் சுற்றினாலே அப்பர்ச்சரும் கூடவே சுற்றும்படி இந்த லென்ஸைச் செய்த லைட்ஸ் கம்பெனி வாலூ என்று ஒன்று செய்தது; என்னிடம் இல்லை. அதனால் கணக்கை முதலில் போட்டு, முளையை நகர்த்திவிட்டு, பிறகுதான் ஃபில்டர்.

இந்த லென்ஸில் அப்பர்ச்சர் எண்கள் (எண் கூடக்கூடத் துளை சிறுக்கும்) பழைய வரிசை: 3.5, 4.5, 6.3, 9, 12.5, 18. 125 வேக ஃபிலிம், நல்ல வெயில், ஷட்டர் 1/100 என்றால் 16 வேண்டும். மஞ்சள் தின்னும் வெளிச்சத்துக்காக ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு வெளிச்சம் வரும்படி, திறந்தால் 11. முளையை 9-க்கும் 12.5-க்கும் நடுவில் வைத்தேன். லைகா III-இல் வெளிச்சம் அளக்கும் மீட்டர் இல்லை, வ்யூஃபைண்டர் லென்ஸ் வழியாகப் பார்ப்பதும் இல்லை. மஞ்சள் போட்டாலும் சிவப்பு போட்டாலும் கண்ணுக்கு உலகம் ஒரே மாதிரிதான் தெரியும். அந்த ஒரு ஸ்டாப்பை நம் தலைதான் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிப்ரவரி 4, ஞாயிறு

நெகட்டிவ் வந்தது. அதே படகு, அதே கோணம், எதிரே அதே சூரியன். பழைய நெகட்டிவையும் புதியதையும் லைட் பாக்ஸில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து லூப் என்ற உருப்பெருக்கியில் பார்த்தேன். பழையதில் படகின் நிழல் முழுக்க ஒரே மூட்டம். நெகட்டிவில் இருட்டு வெறும் ஃபிலிமாகத் தெளிந்து விழ வேண்டும்; புதியதில் அதே இடம் அப்படித்தான் இருக்கிறது. அதன் நடுவே, பலகை ஓரத்தில் சுருட்டி வைத்திருந்த வலையின் கண்கள் ஒவ்வொன்றாகத் தெரிகின்றன.