ஒரு மணி நேரப் பிழை

நான் தென்னாப்பிரிக்கக் காவல்துறையில் சேரப்போகிறேன் என்று சொன்ன அன்று, ஆயா, அதாவது என் பாட்டி, அடுப்பை அணைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்து உட்கார்ந்தார். எங்கள் வீட்டில் அடுப்பை அணைத்துவிட்டுப் பேசும் பேச்சு ஒன்று சாவைப் பற்றியதாக இருக்கும், இல்லையென்றால் கல்யாணத்தைப் பற்றியதாக இருக்கும். “வள்ளியம்மையைப் பிடிச்சு உள்ள போட்டவங்க யாருன்னு தெரியுமா உனக்கு?” என்று கேட்டார். தெரியாமல் என்ன? 1913இல் சத்தியாக்கிரகப் பெண்களோடு கைதாகி, மாரிட்ஸ்பர்க் சிறையில் 3 மாதக் கடுங்காவல் தண்டனை பெற்று, காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று 16 வயதில் இறந்துபோன தில்லையாடி வள்ளியம்மையின் கதையைச் சொல்லித்தான் ஆயா எனக்குச் சோறூட்டியிருக்கிறார். போதாததற்கு, இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டத்தைக் காட்டி டர்பன் மேகசின் பேரக்ஸிலிருந்த எங்கள் குடும்பத்தைச் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பியவர்களையும் அவர் மறந்தவர் அல்லர். அவர் கண்ணுக்குச் சீருடை என்றால் ஒரே சீருடைதான்.

அந்தச் சீருடை மாறிவிட்டது என்று அன்றைக்கு நீளமாக வாதாடினேன். 1913இல் தொடங்கிய பழைய காவல்படை போய், 1995ஆம் ஆண்டின் 68ஆம் சட்டத்தின்படி இன்றைய காவல் சேவை வந்திருக்கிறது, பெயரிலேயே ‘சேவை’ என்று இருக்கிறது, அரசியலமைப்பின் 205ஆம் பிரிவு எங்கள் கடமையை வரையறுத்திருக்கிறது என்றெல்லாம் அடுக்கினேன். ஆயா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “சரி, சாப்பிட வா” என்றார். அது சம்மதமா, சலிப்பா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சேர்ந்த கதையில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மெட்ரிக் தேர்ச்சி, ஓட்டுநர் உரிமம், குற்றப்பதிவு இல்லை என்பதற்கான கைரேகைச் சோதனை, உடற்தகுதி, உளவியல் தேர்வு, நேர்காணல், பிறகு நெடுங்காத்திருப்பு. நிறவெறிக் காலத்தில் வெள்ளையருக்குப் பிரிட்டோரியாவிலும், கறுப்பினத்தவருக்கு ஹமான்ஸ்கிராலிலும், கலப்பினத்தவருக்குப் பிஷப் லேவிஸிலும், இந்தியருக்குச் சாட்ஸ்வொர்த்திலும் தனித்தனிப் பயிற்சிக் கல்லூரிகள் இருந்தன. நான் பயிற்சி பெற்றபோது எங்கள் படுக்கை வரிசையில் சூலு, கோசா, ஆப்பிரிகான்ஸ், தமிழ் எல்லாம் கலந்து கிடந்தன. காலை 5 மணிக்கு எழுப்பிவிடும் விசில் மட்டும் யாருக்கும் மொழிபெயர்ப்பு கேட்கவில்லை. தமிழ்நாட்டு உறவினர்கள் தொலைபேசியில் “நீ எஸ்.ஐ.யாம்மா?” என்று கேட்பார்கள். இங்கே எஸ்.ஐ. கிடையாது. கான்ஸ்டபிள், சார்ஜென்ட், வாரன்ட் ஆபீசர், கேப்டன் என்று ஏணி போகிறது, நான் 11 ஆண்டுகளில் ஒரு படி ஏறி சார்ஜென்ட் ஆகியிருக்கிறேன்.

அவர்களுடைய அடுத்த கேள்வி, “எத்தனை தடவை சுட்டிருக்கே?” என்பதாக இருக்கும். அவர்களைக் குறை சொல்ல முடியாது. 2022–23 நிதியாண்டில் மட்டும் இந்த நாட்டில் 27,494 கொலைகள் பதிவாகியிருக்கின்றன, இந்த எண்ணைப் படிக்கும் எவரும் எங்கள் நாள் முழுவதும் துப்பாக்கிச் சத்தத்தில் கழிகிறது என்றே நினைப்பார்கள். என் இடுப்பில் 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கி தொங்குவது உண்மைதான், அதன் எடையால் இடுப்பெலும்பு வலிப்பதும் உண்மை. ஆனால் 12 மணி நேர ஷிஃப்ட் ஒன்றில் என் கையில் அதிகம் இருப்பது பேனாதான்.

காலை 6 மணிக்கு அணிவகுப்பு, அதாவது நாங்கள் ‘பரேட்’ என்று சொல்வது. பணிக்கு வந்த நேரத்தைப் பாக்கெட் புக்கில் எழுத வேண்டும். வேனை வாங்கும்போது ஓட்டக்கணக்கு, பெட்ரோல் அளவு, ஸ்பேர் டயர், பின்கூண்டில் முந்தைய ஷிஃப்ட் ஏதாவது விட்டுப் போயிருக்கிறதா என்ற சோதனை எல்லாவற்றையும் எழுத வேண்டும். (ஒருமுறை பாதி தின்ற பன்னி சோ, அதாவது குடைந்த ரொட்டிக்குள் கறிக்குழம்பு நிரப்பிய எங்கள் ஊர்ப் பண்டம், இருந்தது, அதையும் எழுதினேன்.) 10111 என்ற அவசர எண்ணுக்கு வந்த அழைப்பை வானொலியில் நமக்குத் தந்த நேரம், போய்ச் சேர்ந்த நேரம், கிளம்பிய நேரம் ஆகியவையும் எழுத்தில் ஏறும். ஒருவரைக் கைது செய்தால், கைதான நேரத்தையும், அரசியலமைப்பின் 35ஆம் பிரிவின்படி அவருடைய உரிமைகளைச் சொன்ன நேரத்தையும் எழுத வேண்டும், ஏனென்றால் 48 மணி நேரத்துக்குள் அவரை நீதிமன்றத்தில் நிறுத்தியாக வேண்டும். அந்தக் கெடு வார இறுதியில் முடிந்தால் திங்கட்கிழமை நீதிமன்ற நேரம் முடிவதற்குள் நிறுத்த வேண்டும். பாக்கெட் புக்கில் பக்கத்தைக் கிழிக்கக் கூடாது, வரி விடக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது, தவறாக எழுதினால் ஒற்றைக் கோடு போட்டு அருகில் சுருக்கொப்பம் இட வேண்டும். பயிற்சியில் இதைக் கேட்டபோது பள்ளிக்கூடத்துக் கையெழுத்து நோட்டு நினைவுக்கு வந்து சிரித்தேன்.

என்னோடு வேனில் வரும் கூட்டாளியை ‘க்ரூ’ என்போம். என் க்ரூ உம்லாசியில் வளர்ந்த சூலுக்காரர், என்னைவிட 6 வயது மூத்தவர். வயதான பெண் யாராக இருந்தாலும் ‘கோகோ’ என்றுதான் அழைப்பார், அதாவது பாட்டி. எங்கள் ஆயாவையும் அவர் அப்படித்தான் அழைத்தார், ஆயா அன்று முதல் அவருக்காகக் கூடுதலாக இரண்டு இட்லி வைத்தார்.

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை இரவுகளில் வரும் அழைப்புகளில் பெரும்பகுதி வீட்டுக்குள்ளிருந்து வருபவை. 1998ஆம் ஆண்டின் 116ஆம் சட்டமான குடும்ப வன்முறைச் சட்டம் எங்களுக்குத் தப்பிக்க இடம் வைக்கவில்லை: பாதிக்கப்பட்டவருக்கு அவருடைய உரிமைகளை விளக்க வேண்டும், பாதுகாப்பு ஆணை பெறும் வழியையும் குற்ற வழக்குப் பதியும் வழியையும் சொல்ல வேண்டும், மருத்துவ உதவியும் தங்க இடமும் கிடைக்கத் துணை செய்ய வேண்டும், நடந்ததைப் பதிவு செய்ய வேண்டும். வழக்குத் தொடுத்தாலும் தொடுக்காவிட்டாலும் பதிவு கட்டாயம். ஆனால் நம்மவர் வீடுகளுக்குள் நுழைந்தால் முதலில் காதில் விழும் சொல், “இது குடும்ப விஷயம்மா” என்பது. ஒரு வீட்டில் மருமகளின் உதடு கிழிந்திருந்தது. நான் அவருடைய வாக்குமூலத்தை எழுதிக்கொண்டிருக்கும்போதே மாமியார் தட்டில் தேநீரும் முறுக்கும் கொண்டு வந்து வைத்து, “நம்ம புள்ளையா இருக்கே, குடிச்சிட்டுப் போம்மா” என்றார். நம்ம பிள்ளை என்ற அந்தச் சொல்லுக்குள் எவ்வளவு பெரிய வேண்டுகோள் இருக்கிறது என்பது தமிழ் தெரிந்தவர்களுக்குப் புரியும். தேநீரை நான் தொடவில்லை. அந்தப் பெண் மறு வாரம் வந்து புகாரை விலக்கிக்கொள்ள வேண்டும் என்றார், இப்படி விலக்குபவர்கள் மேல் எனக்கு முன்பெல்லாம் கோபம் வரும், இப்போது வருவதில்லை. வாடகை யார் பெயரில் இருக்கிறது, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தை யார் கட்டுகிறார் என்று கேட்டுப் பார்த்தால் போதும்.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். குற்ற எண்ணிக்கையைச் சென்ற ஆண்டின் இதே காலாண்டோடு ஒப்பிட்டு நிலையங்களை மதிப்பிடும் வழக்கம் இருப்பதால், கேஸ் திறக்க வருபவரிடம் “இன்னும் ரெண்டு நாள் தேடிப் பாருங்களேன்” என்று சொல்லித் திருப்பி அனுப்பும் சாமர்த்தியசாலிகள் உண்டு. நான் வேலை பார்த்த ஒரு நிலையத்தில் இதைக் கண்ணாரப் பார்த்தேன், பெயரை எழுதப்போவதில்லை. எழுதாமல் விட்ட குற்றம் நடக்காத குற்றம் என்ற கணக்கு எந்த ஊர்க் கணக்கோ!

2021 ஜூலையை விட்டுவிட்டு எழுத முடியாது. முன்னாள் அதிபர் ஜேக்கப் ஜூமா சிறைக்குப் போனதை அடுத்து எழுந்த கலவரத்திலும் கொள்ளையிலும் 350க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், டர்பனுக்கு வடக்கே இந்தியர்கள் பெரும்பான்மையாக வாழும் ஃபீனிக்ஸ் பகுதியில் மட்டும் 36 பேர் கொல்லப்பட்டார்கள். தெருவுக்குத் தெரு டயரும் கதவும் போட்டு மக்களே தடுப்பு வைத்திருந்தார்கள். ஒரு தடுப்பில் என் முகத்தைப் பார்த்ததும் வழி விட்டவர்கள், வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த என் க்ரூவின் முகத்தைப் பார்த்ததும் மறுபடி டயரை இழுத்துப் போட்டார்கள். அவரும் அதே சீருடையில்தான் இருந்தார். அடுத்த தெருவிலிருந்த தடுப்பில் இதற்கு நேர்மாறாக நடந்தது. அந்த வாரம் முழுவதும் நாங்கள் வண்டிக்குள் குறைவாகவே பேசிக்கொண்டோம். பாக்கெட் புக்கில் அந்த நாட்களின் பக்கங்கள் மிகச் சுருக்கமானவை, இன்று புரட்டினால் நேரங்கள் மட்டுமே இருக்கின்றன.

இனி, ஒரு விளக்கின் கதை.

மின்வெட்டு உச்சத்திலிருந்த 2023 குளிர்காலத்தில் ஓர் இரவு. தெருவிளக்கு இல்லை, வீட்டு அலாரங்களின் பேட்டரி தீர்ந்து ஒவ்வொன்றாகக் கீச்சிட்டு ஓய்ந்துகொண்டிருந்தன. ஹிக்கின்சன் நெடுஞ்சாலையை ஒட்டிய நடைபாதையில் ஓர் இளைஞர் அரிசிச் சாக்கு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். வேனின் வெளிச்சம் பட்டதும் சாக்கைக் கீழே வைத்துவிட்டு, அது தன்னுடையதல்ல என்பதுபோல் இரண்டடி தள்ளி நின்றார். சாக்குக்குள் முழங்கால் உயரப் பித்தளைக் குத்துவிளக்கு, திரியும் எண்ணெயும் அப்படியே ஒட்டியிருந்தன. குப்பைமேட்டில் கிடந்தது என்றார். ‘சுகர்ஸ்’ என்று இங்கே சொல்லப்படும் ஹெராயின் கலவைக்கு அடிமையானவர்கள் பித்தளையும் தாமிரமும் எடுத்துப் பழைய இரும்புக் கடையில் போடுவது எங்களுக்குப் புதிதல்ல. கைவிளக்கை அடித்துப் பார்த்தபோது விளக்கின் அடித்தட்டில் ஏதோ கீறல்கள் இருப்பதாக என் க்ரூ சொன்னார். அவை கீறல்கள் அல்ல. பாத்திரத்தில் பெயர் வெட்டும் நம் வழக்கப்படி, உளியால் புள்ளி புள்ளியாக வெட்டிய மூன்று தமிழ் எழுத்துகள்.

காலையில் மூதாட்டி ஒருவர் வீடு புகுந்து திருடிவிட்டார்கள் என்று கேஸ் திறக்க வந்தார். கணவரின் பெயரெழுத்துகளைக் கேட்டேன், அதே மூன்று. அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது. விளக்குக்கு அட்டை கட்டி, பொருட்பதிவேட்டில் ஏற்றி, சாட்சிப்பொருள் அறையில் வைத்தோம். அந்தப் பதிவேட்டை எல்லோரும் ‘சாப் 13’ என்பார்கள்.

வழக்கு விசாரணைக்கு வர ஓர் ஆண்டுக்கு மேல் ஆயிற்று. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் என் பாக்கெட் புக்கைக் கேட்டு வாங்கினார். அதில் கைதான நேரம் 01:40. ஷிஃப்ட் முடியும் களைப்பில் நான் எழுதிக் கையொப்பமிட்ட வாக்குமூலத்திலோ 00:40. மூதாட்டி தன் சாட்சியத்தில், தண்ணீர் குடிக்க எழுந்தபோது சாமி அறையில் விளக்கைப் பார்த்ததாகவும், அப்போது கடிகாரத்தில் 1 மணி என்றும் சொல்லியிருந்தார். “அப்படியானால் சார்ஜென்ட், வீட்டிலிருந்த விளக்கை 20 நிமிடம் முன்னதாகவே நெடுஞ்சாலையில் கைப்பற்றிவிட்டீர்களா?” என்று வழக்கறிஞர் மிக மரியாதையாகக் கேட்டார். பிழையாக எழுதிவிட்டேன் என்றேன். வேறு எதைப் பிழையாக எழுதினீர்கள் என்றார். சாக்கு, கீறல், எழுத்து எல்லாமே அந்த ஒரு மணி நேரத்துக்குள் விழுந்துவிட்டன, ஐயத்தின் பலன் அந்த இளைஞருக்குப் போயிற்று. நடுவரைக் குறை சொல்ல மாட்டேன், அந்த இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் தீர்ப்புச் சொல்லியிருப்பேன். வெளியே வந்தபோது மூதாட்டி என் கையைப் பிடித்து, “பரவாயில்லம்மா, என் விளக்கு எப்பக் கிடைக்கும்?” என்று மட்டும் கேட்டார்.

சில வாரங்கள் கழித்து விளக்கைத் திருப்பிக் கொடுத்தோம். எண்ணெய் பச்சையாகக் களிம்பேறிக் காய்ந்திருந்தது, அட்டையின் கயிறு தண்டிலேயே கட்டியிருந்தது. பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் கேட்டபோது, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பாடசாலையில் படித்த கையெழுத்தில் தன் பெயரைத் தமிழில் நிதானமாக எழுதினார். பதிவேட்டுப் பொறுப்பாளர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது கையொப்பம்தானா என்று கேட்டார். பக்கத்தில் ஆங்கிலத்தில் ‘தமிழில் கையொப்பமிட்டார், என் முன்னிலையில்’ என்று எழுதினேன். நேரம் எழுத வேண்டிய கட்டத்துக்கு வந்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், பிறகு என் க்ரூவிடமும் மணி கேட்டேன். 11:25 என்றார். எழுதினேன்.