பொது டிரைவில் அழிந்த ஃபைலும் காலை 7 மணி ஷெட்யூலும்

"அண்ணாச்சி, ரீசைக்கிள் பின்லயும் பாத்துட்டேன், இல்ல." ஆபீஸ் ஷேர் டிரைவில் ஒரு ஃபைல் போய்விட்டால், பாளையங்கோட்டை ஆனாலும் தென்காசி ஆனாலும் முதலில் வரும் பேச்சு இதுதான். அங்கே இருக்கவும் இருக்காது. நம் கம்ப்யூட்டரில் இசட் டிரைவ் என்று தெரிவது, சர்வரில், அதாவது எல்லோர் ஃபைலும் இருக்கும் பொது கம்ப்யூட்டரில், கிடக்கிற ஒரு ஃபோல்டர். அதில் டெலிட் அடித்தால் அழிப்பது சர்வர். ஃபைல் நம் ரீசைக்கிள் பின்னுக்கும் வராது, சர்வரின் ரீசைக்கிள் பின்னுக்கும் போகாது. அழிக்கும் முன் "நிரந்தரமாக அழிக்கவா" என்று விண்டோஸ் கேட்பது அதனால்தான்.

முதலில், அழிந்ததா, இடம் மாறியதா என்று பாருங்கள். மவுஸ் வழுக்கி ஒரு ஃபோல்டர் பக்கத்து ஃபோல்டருக்குள் விழுந்துவிடுவது அன்றாடம் நடப்பது. இப்போதுதான் நடந்தது என்றால் இழுத்தவர் கம்ப்யூட்டரிலேயே கன்ட்ரோல் இசட் அடித்தால் திரும்பிவிடும். நேரம் கடந்திருந்தால் டிரைவின் தொடக்கத்தில் நின்று பெயரைப் போட்டுத் தேடுங்கள். ஷேர் டிரைவில் டெலிட் ஆனதற்குக் கன்ட்ரோல் இசட் உதவாது.

எக்செல் ஃபைல் என்றால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். எக்செல் சேவ் செய்யும்போது முதலில் எட்டு எழுத்து, எண் கலந்த பெயரில், கடைசியில் எக்ஸ்டென்ஷன் இல்லாத ஒரு தற்காலிக ஃபைலை எழுதும். பிறகுதான் அதற்கு உண்மையான பெயரை வைக்கும். நடுவில் கரண்ட் போனாலோ நெட்வொர்க் ஸ்விட்ச் அணைந்தாலோ பழைய ஃபைல் காணாமல் போய், அந்த விசித்திரப் பெயர் மட்டும் ஃபோல்டரில் நிற்கும். அதைக் குப்பை என்று அழித்துவிடாதீர்கள். ஒரு காப்பி எடுத்து, அதன் பெயருக்குப் பின்னால் டாட் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் சேர்த்துத் திறந்து பாருங்கள். ~$ என்று தொடங்கும் சின்ன ஃபைல் வேறு. யார் திறந்து வைத்திருக்கிறார் என்று சொல்லும் அடையாளம் மட்டும்தான் அது, உள்ளே கணக்கு எதுவும் இல்லை.

இப்போது ப்ரீவியஸ் வெர்ஷன்ஸ். ஷேடோ காப்பி என்பது டிரைவின் நிலையைக் குறித்த நேரத்தில் தானாகப் பிடித்து வைக்கும் விண்டோஸ் வசதி. சர்வரில் அது இயங்கிக்கொண்டிருந்தால் வேலை ஐந்து நிமிடம். ஃபைல் இல்லாததால் அதன்மேல் ரைட் கிளிக் செய்ய முடியாது. அது இருந்த ஃபோல்டர்மேல் செய்ய வேண்டும். ஃபோல்டரே போயிருந்தால் அதற்கு மேல் ஃபோல்டர். ப்ராப்பர்ட்டீஸுக்குள் ப்ரீவியஸ் வெர்ஷன்ஸ் டேபில் தேதி, நேரத்தோடு பட்டியல் வரும். ஒன்றைத் தேர்ந்து ஓப்பன் கொடுங்கள். உள்ளே போய் வேண்டிய ஃபைலை மட்டும் காப்பி செய்து, இப்போதைய ஃபோல்டரில் பேஸ்ட் செய்யுங்கள்.

பக்கத்திலேயே ரெஸ்டோர் பட்டன் இருக்கும். அதைத் தொடவே வேண்டாம். ஜிஎஸ்டி ஃபோல்டரில் ஒரு ஃபைல் வேண்டும் என்று சாயங்காலம் 4 மணிக்குப் பகல் 12 மணிக் காப்பியை ரெஸ்டோர் அடித்தால், அந்த ஃபோல்டரில் மதியத்துக்குப் பிறகு திருத்திய மற்ற ஃபைல்கள் எல்லாம் 12 மணி நிலைக்குப் போய்விடும். நாலு பேர் வேலை சத்தமில்லாமல் காலி. ஃபைல் அழியவில்லை, யாரோ மேலெழுதிவிட்டார்கள் என்றாலும் இதே வழிதான். ஆனால் பழையதை வேறு பெயரில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

டாலி என்ற கணக்கு சாஃப்ட்வேரின் டேட்டாவுக்கு மட்டும் இந்தக் கணக்கு மாறும். கம்பெனி ஃபோல்டரின் பெயர் 10000, 10001 என்று வெறும் எண். இடம் காலி செய்கிறவர் "இது என்னமோ நம்பர்" என்று தூக்கிவிடுகிறார். அதை மீட்கும்போது எல்லா கம்ப்யூட்டரிலும் டாலியை மூடிவிட்டு, எண் ஃபோல்டரை முழுசாகக் கொண்டு வர வேண்டும். உள்ளே இருப்பவை ஒன்றோடொன்று பிணைந்தவை. பாதி நேற்றையது, பாதி இன்றையது என்று கலந்தால் டேட்டா கெட்டுவிடும்.

பட்டியலே காலியாக இருந்தால்? இங்கேதான் நம் ஊர் ஆபீஸ்கள் ஏமாறுகின்றன. விண்டோஸ் சர்வரில் ஷேடோ காப்பியை இயக்கினால் அது தானாக வைத்துக்கொள்ளும் நேரம், திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 7 மணி, பகல் 12 மணி. இங்கே ராத்திரி பூட்டும்போது மெயினையே அணைத்துவிட்டுப் போகிறார்கள், காலை 10 மணிக்குத்தான் சர்வர் எழும்புகிறது. 7 மணிக் காப்பி எடுக்கப்படுவதே இல்லை. சனிக்கிழமை, அரிசி மில்லிலும் பீடிக் கம்பெனியிலும் ஆடிட்டர் ஆபீஸிலும் முழு வேலை நாள். ஷெட்யூலில் அது விடுமுறை. வெள்ளி மதியம் தொடங்கிய ஃபைலைச் சனி சாயங்காலம் அழித்தால் அது எந்தக் காப்பியிலும் இல்லை.

சர்வரில் அந்த டிரைவின் ஷேடோ காப்பி செட்டிங்ஸில் ஷெட்யூலைத் திறந்து, திங்கள் முதல் சனி வரை 11, 1.30, 4, 6.30 என்று வையுங்கள். ஒரு டிரைவுக்கு அதிகபட்சம் 64 காப்பிதான். நாளைக்கு 4 என்றால் 16 வேலை நாள் கையில் இருக்கும். மணிக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். காப்பிகளுக்கான இடம் டிரைவில் 10 சதவீதம் என்று இருக்கும். அது நிறைந்தால் பழைய காப்பி சொல்லாமல் கழன்றுவிடும். அதனால் கேமரா பதிவுகளை அதே டிரைவில் கொட்டாதீர்கள்.

சர்வருக்குப் பதில் நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் மாட்டும் டிஸ்க் பெட்டி) வைத்திருப்பவர்கள், ஷேர் ஃபோல்டருக்கு ரீசைக்கிள் பின் இயக்கியிருக்கிறதா என்று அட்மின் லாகினில் பாருங்கள். மற்றவர் கண்ணுக்கு அது மறைத்திருக்கலாம்.

எதுவுமே இல்லை என்றால் ரெக்கவரி சாஃப்ட்வேர். அதை நம் கம்ப்யூட்டரிலிருந்து இசட் டிரைவ்மேல் ஓட்டிப் பயனில்லை. மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் விண்டோஸ் ஃபைல் ரெக்கவரிகூட நெட்வொர்க் ஷேரைத் தொடாது. சர்வரின் டிஸ்க்கிலேயே ஓட்ட வேண்டும். அழித்ததும் விண்டோஸ் அந்த இடத்தைக் காலி என்று குறித்து வைக்கிறது, அவ்வளவுதான். அதன்மேல் அடுத்தவர் சேவ் செய்யும்வரை டேட்டா கிடக்கும். ஆகையால் எல்லோரையும் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள், சாஃப்ட்வேரை வேறு டிஸ்க்கில் போடுங்கள், மீட்டதையும் வேறு டிஸ்க்கில் எழுதுங்கள். டிஸ்க் எஸ்எஸ்டி என்றால், காலி இடத்தைத் துடைக்கும் ட்ரிம் என்ற வேலை அந்த இடத்தைத் துடைத்துவிடும், நம்பிக்கை குறைவு.

ஷேடோ காப்பி அதே டிஸ்க்கில்தான் உட்கார்ந்திருக்கிறது. டிஸ்க் போனால் அதுவும் போகும், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் முதலில் அதைத்தான் அழிக்கும். தனியாக ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் வேண்டும், பேக்கப் முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். அது மாடியிலோ வேறு கட்டடத்திலோ இருக்கட்டும். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் தரைத்தளத்தில் தண்ணீர் நின்றது.

வருகிற சனிக்கிழமை சாயங்காலம் 7 மணிக்கு ஏதாவது ஒரு ஃபோல்டரில் ப்ரீவியஸ் வெர்ஷன்ஸைத் திறந்து பாருங்கள். முதல் வரியில் அன்றைய தேதி இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை 12 மணி என்று காட்டினால் ஷெட்யூல் இன்னும் மாறவில்லை.