நோட்டின் வலப்பக்கம்

2020-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தின் முதல் வாரத்தில் யாராவது என்னிடம் உன் கடன் மொத்தம் எவ்வளவு என்று கேட்டிருந்தால் என்னால் பதில் சொல்லியிருக்க முடியாது. அதுவரை நான் அதைக் கூட்டிப் பார்த்ததே இல்லை. கூட்டிப் பார்க்காத வரையில் அது அரசாங்கத்தின் தவறாகவும், நோயின் தவறாகவும், என் மைத்துனரின் தவறாகவும் இருந்தது.

நான் கம்பத்தைச் சேர்ந்தவன். விடியற்காலையில் ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு வழியாகக் கேரளத்துக்குள் ஜீப் ஓட்டுவதுதான் என் தொழில். 2018 வெள்ளத்தில் இடுக்கி மாவட்டத்து ஏலச்செடிகள் அழுகியதும், அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் அடித்த வறட்சியும் சேர்ந்து காய் வரத்தைக் குறைத்ததால், 2019 ஆகஸ்டில் புற்றடியில் ஏலக்காயை ஏலம் விடும் மையத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போனது. அந்த விலையைக் கேட்டு எங்கள் பகுதியில் ஆசைப்படாதவர்கள் குறைவு. வண்டன்மேடு பக்கம் ஒன்றேகால் ஏக்கர் தோட்டம் ஓராண்டுக் குத்தகைக்கு வருகிறது என்று மைத்துனர் சொன்னார். அக்டோபரில் என் மனைவியின் பதினோரு பவுன் நகையை வங்கியில் 2,10,000 ரூபாய்க்கு அடகு வைத்துக் குத்தகைப் பணம் கட்டினேன். உரத்துக்கும் கூலிக்கும் வெளியில் 1,50,000 ரூபாய் மூன்று ரூபாய் வட்டிக்கு வாங்கினேன். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் என்றால் ஆண்டுக்கு முப்பத்தாறு சதவீதம். அன்று அப்படிக் கணக்கிட்டுப் பார்க்கவில்லை. இந்த வட்டிக் கடனை மனைவியிடமும் சொல்லவில்லை.

2020 மார்ச் கடைசியில் கொரோனா ஊரடங்கால் எல்லை அடைபட்டது. செடிக்குத் தண்ணீர் கட்ட வேண்டிய கோடைக்காலத்தில் நானும் போக முடியவில்லை, ஆட்களும் போக முடியவில்லை. ஜீப்பும் வாசலிலேயே நின்றது. பின்னர் கேரள அரசின் கோவிட் ஜாக்ரதா இணையதளத்தில் பதிவு செய்து அனுமதி வாங்கிப் போய்ப் பார்த்தபோது, களை இடுப்பளவு நின்றது. மழையில் காய்க்கொத்துகள் அடியிலிருந்தே அழுகத் தொடங்கியிருந்தன. விலையும் 2,000 ரூபாய்க்குக் கீழே இறங்கிவிட்டிருந்தது.

இந்த மாதங்களில் என் வேலை குறை சொல்வது மட்டுமாகவே இருந்தது. வீட்டில் சோறு குறைந்தால் மைத்துனரைச் சொல்வேன். வட்டிக்காரர் தொலைபேசியில் அழைத்தால் எடுக்காமல் வைத்துவிட்டு அரசாங்கத்தைச் சொல்வேன். செப்டம்பரில் ஜீப் கடன் கொடுத்த நிதி நிறுவனத்திலிருந்து, ஊரடங்குக்காகத் தவணையைத் தள்ளிவைத்த ஆறு மாதச் சலுகை ஆகஸ்ட் 31-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, இனித் தவணை கட்ட வேண்டும் என்று அழைப்பு வந்த இரவில், மறுபடியும் உன் அண்ணனால்தான் இத்தனையும் என்று ஆரம்பித்தேன். என் மனைவி பருப்பு புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "எங்கண்ணன் சொன்னாரு, சரி. பத்திரத்துல கையெழுத்துப் போட்டது அவரா, நீங்களா?" என்று கேட்டாள். குரலை உயர்த்தவே இல்லை. மறுபடியும் முறத்தை எடுத்துக்கொண்டாள்.

அன்று இரவு மகனின் பழைய கணக்கு நோட்டு ஒன்றை எடுத்து, நடுப்பக்கத்தை விரித்து, இடப்பக்கத்தில் எனக்கு நேர்ந்தவற்றையும் வலப்பக்கத்தில் நான் செய்தவற்றையும் எழுதினேன். எல்லை அடைப்பு, விலைச் சரிவு, மழை ஆகிய மூன்றும் இடப்பக்கம் போயின. அவற்றை என் தலையில் போட்டுக்கொள்ள இன்றும் நான் தயாராக இல்லை. ஊரடங்கில் வேலை இழந்த ஒருவரிடம் எல்லாம் உன் தவறுதான் என்று சொல்வது கொடுமை என்றே நினைக்கிறேன். ஆனால் வலப்பக்கம் நிரம்பிய வேகம் என்னைக் கலங்க வைத்தது. உச்ச விலையில் குத்தகை எடுத்தது, முந்தைய ஆண்டுகளின் விலையை ஒருவரிடமும் கேட்காதது, வட்டிக் கடனை மறைத்தது, தொலைபேசியை எடுக்காதது என்று எழுதிக்கொண்டே போனேன். தவணைச் சலுகையைப் பற்றி ஒரு வரிகூடப் படிக்காமல் அதைத் தள்ளுபடி என்று எண்ணிக்கொண்டதும் அங்கேதான் போனது. ஜீப் கடனின் அசல் பாக்கி 3,20,000 ரூபாய்க்குப் பதினான்கு சதவீத வட்டி அந்த ஆறு மாதமும் ஓடி, 22,000 ரூபாய்க்கு மேல் கடனில் ஏறியிருந்தது. நவம்பரில் மத்திய அரசு வட்டிக்கு வட்டியைத் திருப்பிக் கொடுத்தபோது என் கணக்கில் வரவான தொகை அறுநூற்றுச் சொச்சம்தான்.

மறுநாள் காலையில் வலப்பக்கத்தை மனைவியிடம் படித்துக் காட்டினேன். ஒன்றரை லட்சம் என்ற வரி வந்ததும் அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். மாலை வரை பேசவில்லை. விளக்கு வைத்த பிறகு வந்து, வளையலையும் ஆரத்தையும் விற்றுவிடலாம் என்று அவளே சொன்னாள். நான் கேட்டிருக்க மாட்டேன். கேட்கும் தகுதியும் எனக்கு இருக்கவில்லை.

பவுன் விலை அப்போது ஏறத்தாழ 40,000 ரூபாயாக இருந்தது. அடகு வைத்தபோது நகையை இரண்டு பொட்டலமாக, இரண்டு கடன் எண்ணில் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. ஒரே எண்ணாக இருந்திருந்தால் முழுக் கடனையும் கட்டினால்தான் நகை வெளியே வந்திருக்கும். வளையலும் ஆரமுமாக ஐந்து பவுன் இருந்த பொட்டலத்தின் மேல் வட்டியோடு 1,04,000 ரூபாய் பாக்கி. நகைக்கடைக்காரர் ஒருவர் வங்கிக்கே வந்து அதைக் கட்டி மீட்டு, எடை போட்டு, சேதாரம் கழித்து 1,92,500 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார். கையில் வந்தது 88,500 ரூபாய். முதலில் எந்தக் கடனை அடைப்பது என்பதில் எனக்குக் குழப்பம் இருந்தது. வங்கிக்காரர்கள் மரியாதையாகப் பேசுவதால் அவர்களுக்கே முதலில் கொடுக்கத் தோன்றும். நோட்டைப் பார்த்தால் தின்றுகொண்டிருந்தது மூன்று ரூபாய் வட்டிதான்.

ஐந்து மாதமாக ஒளிந்து திரிந்த தெருவில் பகல் பதினோரு மணிக்கு நானாக நடந்து போனேன். வட்டிக்குக் கொடுத்தவர் வயதானவர், திண்ணையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "நீயா வந்தியா, ஆள் விட்டா வந்தே?" என்றார். நானாகத்தான் வந்தேன் ஐயா என்று சொல்லி, 85,000 ரூபாயை எடுத்து வைத்து, இதை அசலில் வரவு வைத்துக்கொள்ளுங்கள், நின்றுபோன வட்டியை மாதம் மூவாயிரமாகத் தருகிறேன், மீதி 65,000-க்கு இரண்டு ரூபாய் வட்டி போட்டுக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். நெடுநேரம் பணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளேயிருந்து புரோநோட்டைக் கொண்டுவரச் சொல்லி, அதன் பின்பக்கத்தில் வரவு எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டார். இந்த வரவைக் கண்முன்னே எழுதி வாங்காமல் யாரும் பணம் கொடுத்துவிட்டு வரக் கூடாது. வாய்ச்சொல்லாக விட்டுப் பின்னால் அவதிப்பட்டவர்களை எனக்குத் தெரியும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இவர் மிரட்டாதவர். வீட்டுக்கு ஆள் அனுப்பி மிரட்டும் இடத்தில் பொறுப்பு என்று தலைகுனிந்து நிற்க வேண்டியதில்லை. கந்துவட்டிக்கு எதிரான 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது, காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம்.

அன்று மாலையே மைத்துனர் வீட்டுக்கும் போனேன். ஊரெல்லாம் அவரைப் பற்றிப் பேசியது என் வாய்தான் என்று ஒப்புக்கொண்டேன். "விடுங்க மாப்ள, சாப்பிட்டுப் போங்க" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.

பிறகு நடந்தது வெறும் உழைப்பு. தோட்டத்தில் கடைசி எடுப்பு வரை முடித்து, உலர்ந்த காயாக 64 கிலோ கிடைத்தது. எடுப்புக் கூலியும் உலர்த்தும் கூலியும் போக நாற்பதாயிரம் மிஞ்சியது. குத்தகையை நீட்டிக்கவில்லை. பகலில் என் ஜீப்பும், இரவில் வேறொருவரின் மினி லாரியில் கட்டப்பனைக்குக் காய்கறிப் பாரமுமாக இரண்டு ஆண்டுகள் ஓட்டினேன். நிதி நிறுவனத்துக்குத் தேதி தவறும் என்று தெரிந்த மாதங்களில் அவர்கள் அழைப்பதற்கு முன் நானே அழைத்துச் சொன்னேன்; அபராதம் குறையவில்லை, ஆனால் வண்டியை எடுத்துக்கொண்டு போக யாரும் வரவில்லை. 2022-இல் ஏலக்காய் 1,000 ரூபாய்க்கும் கீழே போனபோது, குத்தகையை நீட்டித்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நோட்டை எடுத்து ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

புரோநோட்டு 2022 தீபாவளிக்கு முன் கைக்குத் திரும்பி வந்தது. அடுத்த ஆண்டு ஜீப் கடனும் முடிந்து, நிறுவனம் தந்த தடையின்மைச் சான்றையும் படிவம் 35-ஐயும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுத்து, பதிவுச் சான்றிலிருந்து அவர்கள் பெயரை நீக்கி வாங்கினேன். மீதி ஆறு பவுனும் வீட்டுக்கு வந்துவிட்டது. நோட்டின் வலப்பக்கத்தில் ஒவ்வொரு வரியாக அடித்துக்கொண்டு வந்தோம். விற்ற ஐந்து பவுன் என்ற வரியை மட்டும் அடிக்கவில்லை. பவுன் விலை எங்கோ போய்விட்டது. போன மாதம் அதற்கென்று தபால் நிலையத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் கட்ட ஆரம்பித்திருக்கிறேன்.