இரண்டு நாட்குறிப்புகளில் ஒரே வரி

பழைய காகிதங்களை ஒழித்துக்கொண்டிருந்த ஒரு நாளில்தான் அது கண்ணில் பட்டது. அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளின் நாட்குறிப்புகளில், நவம்பர் இரண்டாம் வாரத்தில், “எழுந்திருக்கவே முடியவில்லை, என்ன சோம்பல் இது” என்று ஏறக்குறைய ஒரே வரியை எழுதியிருந்தேன். ஏப்ரல் பக்கங்களோ இரண்டிலும் வேலைகளால் நிரம்பி வழிந்தன. அதுவரை என் குளிர்கால மந்தத்திற்கு ஆண்டுக்கொரு காரணம் வைத்திருந்தேன்: ஓராண்டு அலுவலகச் சுமை, மறு ஆண்டு உறவினர் ஒருவரோடு ஏற்பட்ட மனத்தாங்கல்.

பத்து மணி நேரம் தூங்கியும் கை கால்கள் நனைந்த துணியாகக் கனக்கும். இனிப்பையும் மாவுப்பண்டங்களையும் மனம் தேடிக்கொண்டே இருக்கும். தொலைபேசி அடித்தால் எடுக்காமல், அது ஓயும்வரை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மனச்சோர்வு என்றால் தூக்கமும் பசியும் போய்விடும் என்றே எண்ணியிருந்ததால், இரண்டும் கூடிப்போன எனக்கு அந்தப் பெயர் பொருந்தும் என்று தோன்றவே இல்லை.

நாட்குறிப்புகளோடு மனநல மருத்துவர் ஒருவரிடம் சென்றேன். தைராய்டு குறைபாடோ இரத்தசோகையோ இல்லை என்பதைப் பரிசோதனையில் உறுதி செய்துகொண்ட பிறகே அவர் பருவகால மனச்சோர்வு என்ற பேச்சை எடுத்தார். குறைந்தது இரண்டு ஆண்டுகளாவது அதே பருவத்தில் வந்து, பருவம் மாறியதும் தானே விலகுவதுதான் இதன் அடையாளம். கோடையில் இது வருவோரும் உண்டு, அவர்களுக்குத் தூக்கமும் பசியும் பெரும்பாலும் குறைந்துவிடும். மனநல மருத்துவர் நார்மன் ரோசன்தாலும் அவருடைய சகாக்களும் 1984இல் இதற்குப் பெயர் சூட்டி விவரிப்பதற்கு முன்பே, தன் மனநிலையின் ஏற்ற இறக்கங்களை ஆண்டுக்கணக்கில் குறித்துவைத்திருந்த ஒரு பொறியாளர்தான் அந்த ஆய்வாளர்களைத் தேடிப் போனாராம். நானும் குறிப்பேட்டோடு போனவன் என்பதில் எனக்கு ஓர் அற்ப மகிழ்ச்சி.

காரணங்கள் முழுவதும் துலங்கிவிடவில்லை. குளிர்காலத்தில் காலை வெளிச்சம் பிந்துவதால் உடலின் உள்கடிகாரமும் பிந்திப்போய், இரவில் சுரக்க வேண்டிய, தூக்கத்திற்கான ஹார்மோனான மெலடோனின் விடிந்த பிறகும் நீடிக்கிறது என்பது வலுவான ஒரு விளக்கம். இதில் நம் கண்ணே நம்மை ஏமாற்றிவிடுகிறது. நல்ல வெளிச்சம் என்று நாம் நினைக்கும் அறையில், வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் கணக்கில், 300 முதல் 500தான் இருக்கும்; மேகம் மூடிய பகலில்கூட வெளியே ஆயிரக்கணக்கில் இருக்கும்.

எனக்குச் சொல்லப்பட்டது 10,000 லக்ஸ் விளக்கு; விழித்தெழுந்ததும் அதன் முன் அரை மணி நேரம். அதற்கு முன் கண்ணில் ஏதேனும் நோய் உண்டா, தூக்கமே தேவைப்படாத அளவுக்கு உற்சாகம் பொங்கிய நாட்கள் எப்போதாவது இருந்தனவா என்று மருத்துவர் துருவிக் கேட்டார். சோர்வும் மிதமிஞ்சிய உற்சாகமும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறு உள்ளவர்களை இந்த வெளிச்சமே உற்சாகத்தின் மறுகோடிக்குத் தள்ளிவிடக்கூடும் என்பதால் அந்தக் கேள்வி.

இரண்டு வாரம் உட்கார்ந்தும் பலனில்லை. பிறகுதான், மேசையில் இடமில்லை என்று விளக்கை எதிர்ச்சுவர் அலமாரியில் வைத்திருந்த என் மடத்தனம் விளங்கியது. கையேட்டில் இருந்தது 40 சென்டிமீட்டர். நான் அளந்து பார்த்தபோது ஒன்றரை மீட்டருக்கு மேல். தூரம் இருமடங்கானால் ஒளி ஏறத்தாழ கால் பங்காகிவிடும் என்பது பள்ளியில் படித்ததுதான். விளக்கை முகத்திற்குச் சற்று மேலே, பக்கவாட்டில் வைத்து, அதை நேராகப் பார்க்காமல் படித்துக்கொண்டிருந்தேன். முதல் மூன்று நாள் தலைவலித்தது. நேரத்தைப் பாதியாக்கிப் படிப்படியாகக் கூட்டினோம். ஒரு நாள் காலையில் தவறவிட்டதை மாலையில் ஈடுகட்டப் போய், நள்ளிரவு இரண்டு மணிவரை கொட்டக் கொட்ட விழித்திருந்தேன். சரியான தூரத்திற்கு மாறிய பத்தாம் நாளோ என்னவோ, தொலைபேசி இரண்டாவது முறை ஒலிப்பதற்குள் எடுத்துவிட்டேன். மறுமுனையில் இருந்தவர்தான் திடுக்கிட்டுப் போனார்.

உயிர்மீது வெறுப்புத் தட்டினால் விளக்கை நம்பி உட்காரக் கூடாது, அன்றே தன்னை அழைக்க வேண்டும் என்று மருத்துவர் முதல் நாளே சொல்லியிருந்தார். அடுத்த குளிர்காலத்தில், எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசி மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையையும் சேர்த்துக்கொண்டேன். உளவியலாளர் கெல்லி ரோஹன் குழுவினரின் ஆய்வில், சிகிச்சை முடிந்த இரண்டாவது குளிர்காலத்தில், விளக்கைப் பயன்படுத்தியோரைவிட இதைப் பெற்றோரிடம் நோய் திரும்புவது குறைவாக இருந்தது. “வெயில் வரும்வரை நான் எதற்கும் உதவ மாட்டேன்” என்ற என் வாக்கியத்தைப் பிரித்துப் பிரித்துப் பார்க்க அங்கேதான் கற்றேன். மனமில்லாவிட்டாலும், வாரத்தில் இரண்டு சந்திப்புகளை முன்கூட்டியே ஒப்புக்கொண்டுவிடுவது அதில் ஒரு பகுதி. விளக்கைவிட எனக்குக் கடினமாக இருந்தது அதுதான்.

இப்போது செப்டம்பர் கடைசியிலேயே விளக்கை இறக்கித் துடைத்து, சரியான தூரத்தைக் குறிக்க மேசையில் ஒட்டியிருக்கும் நாடாவின் மேல் வைத்துவிடுகிறேன். பிப்ரவரியில் பத்து நாட்கள் இன்னும் கனமாகத்தான் கழிகின்றன. முடிவெடுக்க வேண்டிய கடிதங்கள் அப்போது வந்தால், அவசரமில்லாதவற்றை உறையோடு எடுத்துவைத்து மார்ச்சில் பிரிக்கிறேன்.