இடைவேளைக்குப் பின் வரும் முதல் குண்டு

பிப்ரவரி 4

இன்றைக்கும் அதேதான். 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் (காற்றழுத்தத்தால் சுடும் கைத்துப்பாக்கி) பயிற்சிக் குண்டுகளை முடித்துவிட்டு, மூச்சைச் சீராக்கிக்கொண்டு, கொஞ்ச நேரம் கழித்து முதல் மேட்ச் குண்டைப் போட்டேன். நடுவுக்கு நேர் மேலே, 9.6 புள்ளி. அடுத்தது 10.3, அதற்கடுத்தது 10.1. இருபது குண்டுக்குப் பிறகு உட்கார்ந்து ஓய்வெடுத்தேன். எழுந்து சுட்டதும் முதல் குண்டு மறுபடி மேலே.

மூன்று வாரமாக இதை என் மணிக்கட்டின் தப்பு என்றே நினைத்து, தினமும் அரை மணி நேரம் கூடுதலாக ட்ரை ஃபயர் (குண்டில்லாமல் ட்ரிகர் இழுக்கும் பயிற்சி) செய்துகொண்டிருந்தேன். பயிற்சியாளர் சார் இலக்குத் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "கை தப்பு என்றால் நடுவிலும் போகணுமே அம்மா. ஓய்வெடுத்துவிட்டு வந்தால் மட்டும் ஏன் போகுது? முதலில் வேகத்தை அளந்து பார்."

பிப்ரவரி 6

குண்டின் வேகத்தை அளக்கும் க்ரோனோகிராஃப் கிடைத்தது. ஒரே டப்பா பெல்லட் (சின்ன ஈயக் குண்டு), ஒரே அறை. நிமிடத்துக்கு ஒன்றாகப் பத்துக் குண்டு: 149, 150, 150, 149 என்று விநாடிக்கு 150 மீட்டரை ஒட்டியே நின்றது. பிஸ்டலை மேசையில் வைத்துப் பத்து நிமிடம் காத்திருந்தேன். அடுத்த குண்டு 165! அதற்கடுத்தது 150.

மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் அப்படியே. கணக்குப் போட்டால், 10 மீட்டர் போவதற்குள் 150-இல் கிளம்பும் பெல்லட் சுமார் 22 மி.மீ. தாழும், 165-இல் கிளம்புவது 18 மி.மீ.தான் தாழும். வித்தியாசம் 4 மி.மீ. வளையத்துக்கு வளையம் 8 மி.மீ. என்பதால் அது சரியாக அரைப் புள்ளி. 10.1 வரவேண்டிய குண்டு 9.6 ஆனதன் ரகசியம் இதுதான். என் மணிக்கட்டிடம் மனதார மன்னிப்புக் கேட்டேன்.

பிப்ரவரி 7

இன்னொன்றும் கண்ணில் பட்டது. காற்றுச் சிலிண்டரைப் பிஸ்டலில் மாட்டியபடி இரவு வைத்திருந்தேன். காலையில் அழுத்த மீட்டரில் 30 பார் (காற்றழுத்த அலகு) குறைந்திருக்கிறது. கழற்றித் தனியாக வைத்த இன்னொரு சிலிண்டர் அப்படியே இருக்கிறது. மாட்டியிருந்த சிலிண்டரையும் தனியாக வைத்துப் பார்க்க வேண்டும், அப்போதுதான் கசிவு எந்தப் பக்கம் என்று உறுதியாகும்.

வேகம் ஏறுவது ரெகுலேட்டரின் கோளாறு. சிலிண்டரில் 200 பார் வரை நிரப்புகிறோம். அந்த அழுத்தம் அப்படியே குண்டுக்குப் போனால் முதல் குண்டும் அறுபதாவது குண்டும் ஒன்றாக இராது. நடுவில் இருக்கும் ரெகுலேட்டர் அதைக் குறைத்து, ஒரே அளவாகச் சின்ன அறையில் சேர்த்து வைக்கிறது. அறை நிரம்பியதும் ஒரு பிஸ்டன் நகர்ந்து, சின்ன இருக்கையில் அழுந்தி வழியை அடைக்க வேண்டும். அந்த இருக்கையில் ஒரு கோடு விழுந்தாலும் போதும், காற்று இழையிழையாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும். அடுத்தடுத்துச் சுட்டால் தெரியாது. காத்திருந்தால் அறையில் அழுத்தம் ஏறும். முதல் குண்டு பாயும்.

பிப்ரவரி 9

அந்தச் சிலிண்டர் தனியாக இருந்தபோது அழுத்தம் இறங்கவில்லை. அப்படியென்றால் கசிவு பிஸ்டல் பக்கம். சிலிண்டர் உட்காரும் இடத்திலுள்ள ஓ-ரிங்கை (காற்றை அடைக்கும் ரப்பர் வளையம்) நானே மாற்றினேன். சிலிண்டரைத் திருகிக் கழற்றும்போது 'உஸ்' என்று மிச்சக் காற்று போகும்வரை காத்திருந்து, பெல்லட் இல்லாமல் ஒருமுறை சுட்டு, அறை காலி என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் கை வைத்தேன்.

ஓ-ரிங்கை எடுக்க ஊசி கூடாது. பள்ளத்தில் கீறல் விழுந்தால் புது ரிங் போட்டும் பயனில்லை. மரப் பல்குச்சியால் நெம்பினேன். லென்ஸில் பார்த்தால் பாவம், ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகி, வளையல் நசுங்கியதுபோல் இருக்கிறது. ஓரத்தில் நகத்தால் கிள்ளியது மாதிரி ஒரு வெட்டு. புதிய ரிங்கில் சிலிகான் கிரீஸை விரல்நுனியால் தொட்டுத் தடவினேன். சாதாரண எண்ணெய் இங்கே வரவே கூடாது. உயர் அழுத்தக் காற்றோடு சேர்ந்தால் தீப்பிடிக்கலாம்.

பிப்ரவரி 10

இரவெல்லாம் மாட்டியே வைத்தும் மீட்டர் அசையவில்லை. கசிவு நின்றது. பத்து நிமிடம் காத்துச் சுட்டேன்: 164. ரெகுலேட்டர் அப்படியேதான் இருக்கிறது.

பிப்ரவரி 12

கூடச் சுடும் அண்ணன் ஒருவர், "ரெகுலேட்டரில் நாலு வாஷரும் ஒரு ஸ்பிரிங்கும்தானே, பிரித்துவிடலாம் வா" என்கிறார். அவர் கை நல்ல கைதான், இருந்தாலும் நான் ஒப்பவில்லை. உள்ளே கிண்ணம் போன்ற தட்டு ஸ்பிரிங்குகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஒரு வரிசையில் அடுக்கியிருக்கும். வரிசை மாறினால் அழுத்தமே மாறிவிடும். அதைச் சரிபார்க்கும் மீட்டர் எங்களிடம் இல்லை. வெளி ஓ-ரிங் என் வேலை. ரெகுலேட்டரும் ட்ரிகரின் சியரும் (இழுக்கும்வரை சுடும் விசையைப் பிடித்து நிற்கும் கொக்கி) தொழிற்சாலையின் வேலை. இந்தக் கோட்டை நான் தாண்டுவதில்லை.

தொழிற்சாலைக்குக் கடிதம் எழுதினேன். "சரியாகச் சுடவில்லை" என்று எழுதினால் அங்கிருப்பவர் எங்கே தேடுவார்? வரிசை எண், ஏறக்குறைய 40,000 குண்டு சுட்டது, வேகங்களின் பட்டியல், காத்திருந்த நேரம், மாற்றிய ஓ-ரிங், ட்ரிகரின் இரண்டாம் கட்டத்தில் (குண்டு கிளம்பும் முன் விரல் உணரும் கடைசித் தடை) கொஞ்ச நாளாக ஒரு மெல்லிய இழுவை தெரிவது, எல்லாம் போட்டேன்.

பிப்ரவரி 15

பிஸ்டலை அனுப்பிவிட்டேன். க்ரிப்பை (கைப்பிடி) மட்டும் கழற்றி என்னிடமே வைத்துக்கொண்டேன். என் உள்ளங்கைக்காகச் செதுக்கி, புட்டி பூசி, மறுபடி இழைத்த மரம் அது. சைட்டையும் (குறிபார்க்கும் பாகம்) ட்ரிகரையும் எல்லாப் பக்கமும் படம் எடுத்தேன், திருகுகள் நின்ற இடத்தைப் பென்சிலால் குறித்தேன். சிலிண்டர் இல்லாமல் பிஸ்டல் மட்டும் போகிறது. சிலிண்டர்களைத் துடைத்து வைக்கும்போது தேதி முத்திரையைப் பார்த்தேன். ஒன்றுக்கு ஒன்பது ஆண்டு முடிந்துவிட்டது. பத்து ஆண்டுதான் அதன் ஆயுள். வெளியே பளபளப்பாக இருப்பதால் மறந்தே போய்விடுகிறோம்.

மார்ச் 3

இரவல் பிஸ்டல். க்ரிப்பின் சாய்வு வேறு, ஃப்ரண்ட் சைட் அகலம் வேறு. புள்ளி பார்க்கவில்லை, வெள்ளைச் சுவரைப் பார்த்து நிற்கப் பழகுகிறேன்.

மார்ச் 27

வந்துவிட்டது! பெட்டியில் ஐந்து குண்டும் ஏறக்குறைய ஒரே ஓட்டையாக விழுந்த சோதனை அட்டை, மாற்றிய பாகங்களின் பட்டியல், சின்ன உறையில் பழைய பாகங்கள். சியரையும் மாற்றியிருக்கிறார்கள். பழைய சியரின் விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன்: கூராக இருக்க வேண்டிய ஓரத்தில் முடிபோல ஒரு பளபளக் கோடு. அந்த இழுவை இங்கிருந்துதான் வந்திருக்கிறது.

ரெகுலேட்டர் இருக்கையில் உலோகத் துகள் அழுந்தியிருந்ததாகக் குறிப்பில் எழுதியிருக்கிறார்கள். உடனே போய் என் நிரப்பும் அடாப்டரைப் பார்த்தேன். வெள்ளைத் துணியால் மரையைத் துடைத்ததும் சாம்பல் நிறத்தில் அலுமினியப் பொடி! சிலிண்டரின் மரை தேய்ந்து உதிர்ந்தது. துடைக்காமலே இத்தனை வருடம் நிரப்பியிருக்கிறேன். சேவைக்குப் பணம் கட்டியதைவிட இந்தத் துணியைப் பார்த்தபோதுதான் மனம் வலித்தது.

ட்ரிகருக்கு எடை வைத்துப் பார்த்தேன். குழல் மேல்நோக்கி நிற்க, 500 கிராமைத் தூக்கியது. இழுவை இல்லை; இரண்டாம் கட்டத்தில் கண்ணாடிக்குச்சி ஒடிவதுபோல் விடுகிறது. இதற்கு விரல் பழக நாளாகும்.

மார்ச் 28

ரேஞ்ச். மரை துடைத்து, நிரப்பி, மாட்டினேன். வேகம் 147. முன்பைவிடக் கொஞ்சம் குறைவு, அதனால் குண்டுகள் ஒரு மயிரிழை கீழே விழுந்தன. பின்சைட்டை இரண்டு கிளிக் ஏற்றினேன். இருபது குண்டு சுட்டதும் பிஸ்டலை மேசையில் வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். சாரும் ஒன்றும் பேசாமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

பத்து நிமிடம். எழுந்து, நின்று, சுட்டேன். 148. திரையில் 10.4.